லிமிடெட் கம்பெனிக்கு வங்கிக் கணக்கு: பதிவுக்குப் பின் வரும் 180 நாட்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மரக்காணம் உப்பளங்களில் வேலை ஓய்ந்துவிடும். பாத்திகளில் மழைநீர் நிற்கும். கரையில் குவித்து மூடி வைத்த உப்பைத்தான் அடுத்த பருவம் வரை கொஞ்சம் கொஞ்சமாக விற்றாக வேண்டும். கையில் நேரம் கிடைக்கும் இந்த மாதங்களில்தான் நம்மவர்கள் கூடி உட்கார்ந்து, "ஆளாளுக்குத் தனித்தனியாக லாரி பிடித்து, தனித்தனியாக விலை பேசிக்கொண்டிருப்பதைவிட, நாலு பேர் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் வைத்துவிட்டால் என்ன?" என்று பேசுவது வழக்கம். உப்பு வியாபாரிகள் மட்டுமல்ல, மளிகை மொத்த வியாபாரிகளும் இப்போது இதைப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

பேச்சு முடிந்து ஆடிட்டரிடம் போனால் பதிவு வேலை முன்போல் மாதக்கணக்கில் இழுப்பதில்லை. 2020 பிப்ரவரியிலிருந்து எல்லாம் ஒரே இணைய விண்ணப்பம். பதிவுச் சான்றிதழிலேயே கம்பெனியின் பான் எண்ணும் டான் எண்ணும் சேர்ந்து வந்துவிடுகின்றன. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நம் அனுபவத்தில், சிக்கல் ஆரம்பமாவது அந்த நாளில்தான். வங்கிக் கணக்கு தொடங்குவதை ஒரு சாதாரண சடங்காக எண்ணித் தள்ளிப்போட்டவர்கள், ஒரு பருவத்து வியாபாரத்தையே இழக்க நேரிடும். எப்படி என்பதைப் பார்ப்போம்.

பிறந்த நாள் வேறு, கடை திறந்த நாள் வேறு

நம்மைப் போலவே உப்பு விளையும் கரை தூத்துக்குடி. அங்கே 1920 இல் நாடார் மகாஜன சங்கத்தின் கூட்டத்தில் வணிகர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1913 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் கீழ் 1921 மே 11 இல் நாடார் வங்கி லிமிடெட் பதிவாயிற்று. ஆனால் கதவைத் திறந்து வியாபாரம் தொடங்கியது 1921 நவம்பர் 11 அன்று. இடையில் சரியாக ஆறு மாதம். 1962 இல் பெயர் மாறி இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று நமக்கெல்லாம் தெரிந்திருப்பது அதுவே.

அந்தக் காலத்துச் சட்டத்தில் பொதுமக்களிடம் பங்கு விற்கும் பப்ளிக் கம்பெனி, பதிவானதும் வியாபாரத்தில் இறங்கிவிட முடியாது. பங்குப் பணம் வந்து சேர்ந்தது முதலான விவரங்களைப் பதிவாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பிரைவேட் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே, "பிரைவேட் லிமிடெட் என்றால் சான்றிதழ் வந்த அன்றே பில் போடலாம்" என்று பழைய ஆட்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. இன்றைக்கு அது சரியல்ல.

காரணம், 2018 நவம்பர் 2 இல் நடைமுறைக்கு வந்த 10ஏ என்ற பிரிவு. அந்தத் தேதிக்குப் பின் பதிவான, பங்கு மூலதனம் உள்ள எந்தக் கம்பெனியும், பிரைவேட் ஆனாலும் பப்ளிக் ஆனாலும், மெமோரண்டத்தில் கையெழுத்திட்ட ஒவ்வொருவரும் தாம் எடுத்துக்கொண்ட பங்குக்கான பணத்தைச் செலுத்திவிட்டார் என்று டைரக்டர் ஒருவர் உறுதிமொழி தாக்கல் செய்யும் வரை வியாபாரம் தொடங்கக்கூடாது. கடன் வாங்கவும் கூடாது. இந்த உறுதிமொழிப் படிவத்தின் பெயர் ஐ.என்.சி. 20ஏ. ஆடிட்டரோ, கம்பெனிச் செயலரோ, காஸ்ட் அக்கவுண்டன்டோ சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இது போய்ச் சேர வேண்டும்.

தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். பொறுப்பான ஒவ்வொரு டைரக்டருக்கும் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை. சட்டத்தின் கணக்கில் "சிறு கம்பெனி"யாக இருந்தால் இதில் பாதிக்கு மேல் விதிக்கக்கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. அதை நம்பி உட்காரக்கூடாது. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து, கம்பெனி இயங்கவே இல்லை என்று கருதிப் பதிவாளர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க நடவடிக்கை எடுக்கலாம் என்பது.

இப்போது நம் பருவத்தை இதோடு ஒட்டிப் பாருங்கள். அக்டோபர் 15 இல் கம்பெனி பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 180 ஆவது நாள் ஏப்ரல் 13, அதாவது பெரும்பாலும் சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள். தை பிறந்ததும் பாத்தி செப்பனிட்டு, வெயில் ஏற ஏற உப்பு வாரும் காலம் அதற்குள் வந்துவிடுகிறது. புதுக்கணக்கு எழுதும் நாளில் கம்பெனி பெயரில் ஒரு லோடுகூட அனுப்ப முடியாமல் நிற்பதா?

பங்குப் பணம் நடந்து வர வேண்டிய வழி

பணம் செலுத்தியாயிற்று என்பதற்கு ஆதாரம் கம்பெனியின் வங்கிக் கணக்கு அறிக்கை. அந்தக் கணக்கு இல்லாமல் பணம் போடமுடியாது. பணம் போடாமல் படிவம் தாக்கல் செய்யமுடியாது. படிவம் இல்லாமல் வியாபாரம் இல்லை. வங்கியில் ஆகும் ஒவ்வொரு வாரத் தாமதமும் இந்த 180 நாளில்தான் கழிகிறது.

நான்கு பேர் சேர்ந்து ஆளுக்கு 2 லட்சம் வீதம் 8 லட்சம் மூலதனம் என்று மெமோரண்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்கள் என்று கொள்வோம். கணக்கு தொடங்கியதும் முதலாமவர் தன் சேமிப்புக் கணக்கிலிருந்து 2 லட்சம் அனுப்புகிறார். சரி. இரண்டாமவர் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுகிறார். யார் கட்டிய பணம் என்று கணக்கு அறிக்கை சொல்லாது. ஆடிட்டர் கையெழுத்திடத் தயங்குவார். மூன்றாமவர், "அண்ணன் கடைக் கணக்கிலிருந்து என் பங்கையும் சேர்த்துப் போட்டுவிடுவார்" என்கிறார். அந்தப் பணம் அண்ணனுடைய கடைப் பணம். இவருடைய பங்குப் பணம் என்று காட்ட முடியாது. நான்காமவர் நம் கரைக்கே உரிய பதிலைச் சொல்கிறார்: "என் முதல் எல்லாம் உப்பாகக் கிடக்கிறது. என் பங்குக்கு உப்பாகவே கொடுத்துவிடுகிறேன்."

பணமாகத் தருவதாக மெமோரண்டத்தில் கையெழுத்திட்டவர் பணமாகத்தான் தர வேண்டும். உப்பை விற்று, அந்தத் தொகையைத் தன் கணக்கில் போட்டு, தன் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்குத் தன் பெயரில் அனுப்ப வேண்டும். நான்கு பேரும் அவரவர் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து, அவரவர் எடுத்த பங்குக்குச் சரியான தொகையை, "பங்குப் பணம்" என்று குறிப்பு எழுதி அனுப்புவதே வம்பில்லாத வழி. மூவர் போட்டு ஒருவர் போடாவிட்டாலும் படிவம் போகாது. ஒருவருடைய சுணக்கம் நால்வரையும் கட்டிப்போடும்.

இதற்கு ஒரு முன்யோசனை உண்டு. குறைந்தபட்ச மூலதனம் ஒரு லட்சம் இருக்க வேண்டும் என்ற பழைய விதி 2015 லேயே போய்விட்டது. அனுமதிக்கப்பட்ட மூலதனம் என்பது உச்ச வரம்பு. அதை 10 லட்சம் என்று எழுதிக்கொள்ளலாம். 15 லட்சம் வரை மத்திய அரசின் பதிவுக் கட்டணமும் இல்லை. முத்திரைத் தீர்வை முதலானவை தனி. ஆனால் மெமோரண்டத்தில் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ளும் பங்கு வேறு விஷயம். அதை ஆளுக்கு 25,000 என்று வைத்துக்கொண்டு, படிவம் தாக்கலான பிறகு தேவைக்கேற்ப முறைப்படி புதிய பங்கு ஒதுக்கிக்கொள்ளலாம். கௌரவத்துக்காகப் பெரிய எண்ணை எழுதி, பிறகு பணத்துக்கு அலைவது வேண்டாம்.

வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியவை

பதிவு விண்ணப்பத்தோடு இணைந்த படிவத்திலேயே ஒரு வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கணக்கு எண்ணும் அதன்மூலம் வந்துவிடும். எண் வந்தால் கணக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது என்று பொருளல்ல. அந்த வங்கி கேட்கும் காகிதங்களைக் கொடுத்து, நேரில் அடையாளம் காட்டிய பிறகே பணம் போட, எடுக்க முடியும். விண்ணப்பம் போடும்போதே, "கம்ப்யூட்டரில் எந்த வங்கி முதலில் வந்ததோ அதைத் தொட்டுவிட்டேன்" என்று இருக்காமல், நமக்குப் போகவர வசதியான கிளை உள்ள வங்கியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

பதிவுச் சான்றிதழ், மெமோரண்டம், ஆர்டிகல்ஸ், கம்பெனியின் பான், டைரக்டர்கள் கூட்டத்துத் தீர்மானம், கையெழுத்திடுபவர்களின் அடையாள, முகவரிச் சான்றுகள், பங்குதாரர் விவரம், பதிவு அலுவலகச் சான்று ஆகியவை வேண்டும். சின்ன ஊர்க் கிளைகளில் கம்பெனிக் கணக்கு அபூர்வமாகத்தான் வரும். மேலாளர் நல்லவராக இருந்தாலும், காகிதங்கள் வேறு ஊரிலுள்ள அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும். அதனால் முதல் தடவையே குறையில்லாமல் கொடுப்பது முக்கியம். நம் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் குறைகள் மூன்று.

முதலாவது, இனிஷியல். தமிழ்நாட்டில் நமக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆதாரில் ஒரு எழுத்தோடு நிற்கும். பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். வங்கிப் புத்தகத்தில் எழுத்து பெயருக்குப் பின்னால் போயிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். டைரக்டராகப் போகிறவர்கள் பதிவுக்கு முன்பே பானையும் ஆதாரையும் ஒரே மாதிரி திருத்திக்கொண்டால், பின்னால் பல வாரம் மிச்சம்.

இரண்டாவது, முகவரி. உப்பளத்துக் கொட்டகைக்குக் கதவு எண் கிடையாது, மின் ரசீது கிடையாது. அதைப் பதிவு அலுவலகமாகக் காட்ட முடியாது. பெரும்பாலோர் ஒரு டைரக்டரின் வீட்டையோ கடையையோ காட்டுகிறார்கள், அதில் தவறில்லை. மின் ரசீது அப்பா பெயரில் இருந்தால் அவருடைய சம்மதக் கடிதம் வேண்டும். ரசீது இரண்டு மாதத்துக்குள் வந்ததாக இருக்க வேண்டும். இன்னொன்று: நம்மில் பலருக்குப் புதுச்சேரியிலும் வீடு உண்டு. "அந்த முகவரி நன்றாக இருக்கும்" என்று கொடுத்துவிட்டால், சட்டப்படி கம்பெனி யூனியன் பிரதேசத்துக் கம்பெனி ஆகிவிடும். பிறகு மரக்காணத்துக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வரை போக வேண்டும்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. சான்றிதழ். நடப்புக் கணக்கு என்றதும் வங்கி ஊழியர் முதலில் கேட்பது இதைத்தான். சாதாரண உப்புக்கு, அயோடின் கலந்தது உட்பட, ஜி.எஸ்.டி. கிடையாது. வரிவிலக்குள்ள சரக்கை மட்டுமே விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. தனிநபர் கடைக்குக் கணக்கு தொடங்கும்போது தொழில் நடப்பதற்கு அத்தாட்சி கேட்பார்கள். அந்தப் பழக்கத்தில் கம்பெனியிடமும் கேட்கிறார்கள். கம்பெனிக்கு ரிசர்வ் வங்கி கேட்கும் காகிதங்களில் ஜி.எஸ்.டி. சான்றிதழ் இல்லை. பதிவுச் சான்றிதழே கம்பெனிக்கு அத்தாட்சி. இதைப் பணிவாகச் சொல்லி, உப்பு மட்டுமே வியாபாரம் என்று ஒரு கடிதமும் கொடுத்தால் போதும். உதயம் பதிவோ உணவுப் பாதுகாப்பு உரிமமோ இருந்தால் உடன் வைக்கலாம். கணக்கு தொடங்குவதற்காக மட்டும் ஜி.எஸ்.டி. எடுத்து, பிறகு மாதாமாதம் ரிட்டன் போட்டுக் கஷ்டப்படாதீர்கள். உப்போடு வரியுள்ள மற்ற சரக்கும் விற்பவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் கணக்கு வேறு.

முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனிக்கு உலோகப் பொது முத்திரை கட்டாயம் என்பது 2015 இல் நீங்கிவிட்டது. வங்கியில் கேட்பது பெரும்பாலும் சாதாரண ரப்பர் ஸ்டாம்பு. இரண்டையும் குழப்பிக்கொண்டு நாள் கடத்துபவர்கள் உண்டு.

தீர்மானத்தில் எழுதுவதுதான் நாளை பேசும்

டைரக்டர்களின் முதல் கூட்டம் பதிவான 30 நாளுக்குள் நடக்க வேண்டும். வங்கிக் கணக்குத் தீர்மானத்தை அதிலேயே நிறைவேற்றலாம். வங்கியில் ஒரு மாதிரித் தாள் கொடுப்பார்கள். அதில் கோடிட்ட இடத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வருவதுதான் நடைமுறை. நம் யோசனை, அந்தக் கோடிட்ட இடத்தை நிரப்புமுன் நால்வரும் ஒருநாள் சாயந்திரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே.

"இருவரில் எவரேனும் ஒருவர்" என்று எழுதினால் வேலை வேகமாக நடக்கும். ஒருவரே கணக்கைத் துடைத்து எடுக்கவும் முடியும். "இருவரும் சேர்ந்து" என்று எழுதினால் பத்திரம். ஒருவர் வெளியூர் போனால் கூலி கொடுக்கவும் முடியாது. சிறிய தொகைக்கு ஒருவர், குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருவர் என்று பிரித்து எழுதலாம். 50,000 வரை ஒருவர் என்று வைத்துக்கொண்டால் லாரி வாடகை, கூலி நிற்காது. பெரிய தொகை இரண்டு கண் பார்த்துத்தான் போகும். இணைய வழிக் கணக்குக்கும் இதே விதி பொருந்தும்படி, ஒருவர் பதிவு செய்ய மற்றவர் ஒப்புதல் தரும் முறையைக் கேட்டு வாங்குங்கள். காசோலைக்கு இரண்டு கையெழுத்து, செல்போனில் ஒரே ஆள் என்றால் பூட்டு வாசலில், சாவி ஜன்னலில் என்ற கதைதான்.

கம்பெனிக் கணக்குக்கு நாமினி கிடையாது. டைரக்டர் காலமானாலும் கம்பெனி காலமாவதில்லை. ஆனால் கையெழுத்திட அதிகாரமுள்ள ஒரே ஆள் போய்விட்டால், மற்றவர்கள் புதிய தீர்மானம் போட்டு, வங்கி ஏற்கும் வரை பணம் அசையாது. துக்க வீட்டில் இந்த வேலை எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தது இரண்டு பேருக்காவது அதிகாரம் இருக்கட்டும்.

டைரக்டர்களுக்குள் மனஸ்தாபம் வந்து ஒருவர் வங்கிக்கு எழுதிக் கொடுத்தால், வங்கி முதலில் செய்யக்கூடியது கணக்கை நிறுத்தி வைப்பதுதான். அப்போது எல்லோரும் தேடி எடுப்பது தீர்மானப் புத்தகத்தை. ஆகவே தேதி, வந்திருந்தவர் பெயர், முடிவு எல்லாம் சரியாக எழுதி வையுங்கள்.

இன்னொரு கேள்வியும் வங்கியில் வரும்: உண்மையான உரிமையாளர் யார்? 10 சதவீதத்துக்கு மேல் பங்குள்ள ஒவ்வொருவரையும் அடையாளம் காட்ட வேண்டும். 2023 மார்ச் வரை இந்த வரம்பு 25 சதவீதமாக இருந்தது. மைத்துனர் பெயரில் பங்கு, பணம் மட்டும் நம்முடையது என்ற பழைய பழக்கத்தை வைத்துக்கொண்டு இந்தப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள்.

கணக்கு திறக்கும் வரை

1896 இல் லண்டனில் சாலமன் என்ற தோல், பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் ஒரு தீர்ப்பு வந்தது. அவர் கம்பெனியின் 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. அப்படியிருந்தும், கம்பெனி வேறு ஆள், சாலமன் வேறு ஆள் என்று பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. இன்றைக்கும் லிமிடெட் என்ற சொல்லுக்கு அடிப்படை இதுவே. நஷ்டம் வந்தால் நம் வீட்டுக்கு வராது என்ற பாதுகாப்பு வேண்டுமானால், நாமும் கம்பெனியின் பணத்தை வேறு ஆள் பணமாக நடத்த வேண்டும்.

அதனால், "கணக்கு வரும் வரை என் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்லுங்கள்" என்று கொள்முதல்காரரிடம் சொல்லாதீர்கள். வருமான வரிக்காரர் அதை உங்கள் வருமானமாகப் பார்ப்பார். 10ஏ பிரிவின்படி கம்பெனி முன்கூட்டியே வியாபாரம் செய்ததற்கும் அது சாட்சியாகும். பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை, ஆடிட்டர் கட்டணம் முதலானவற்றை ஒரு டைரக்டர் தன் கையிலிருந்து கொடுப்பது வேறு. ரசீதுகளை வைத்துக்கொண்டு, கம்பெனி கணக்கில் எழுதி, பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அந்த இடைக்காலத்தில் நால்வரும் அவரவர் பழைய கடைப் பெயரிலேயே உப்பை விற்றுக்கொண்டிருக்கலாம். படிவம் தாக்கலான தேதிக்குப் பிறகு கம்பெனி பெயரில் பில் போடுங்கள். பழைய கடைப் பெயரில் எழுதிய காசோலையைக் கம்பெனிக் கணக்கில் போட முடியாது என்பதால், கொள்முதல்காரர்களுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிடுவது நல்லது. கம்பெனியின் பெயரைச் சான்றிதழில் உள்ளபடி, "பிரைவேட் லிமிடெட்" உட்பட முழுதாக எழுதிக் கொடுங்கள். "உப்பு கம்பெனி" என்று மட்டும் எழுதி வந்த காசோலை திரும்பிப் போய் மறுபடி வர எத்தனை நாளாகும் என்பது வெளியூருக்கு லோடு அனுப்புபவர்களுக்குத் தெரியும்.

கம்பெனிக்கு வேறு வங்கியில் ஓவர்டிராஃப்ட் முதலான கடன் வாங்கிய பிறகு இரண்டாவது நடப்புக் கணக்கு தொடங்க நினைப்பவர்கள், முதலில் அதை வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதன் பிறகு திருத்தங்களும் வந்திருக்கின்றன. எந்த அளவு கடனுக்கு எந்தக் கணக்கு என்பதை அன்றைய விதிப்படி வங்கியே சொல்லும்.

20ஏ படிவத்துக்கான ஒப்புகை வந்ததும் அதில் ஒரு நகலை வங்கிக்குக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி, தீர்மானப் புத்தகத்துக்குள் ஒட்டி வையுங்கள். கடன் கேட்டுப் போகும்போது மேலாளர் முதலில் தேடும் காகிதங்களில் அதுவும் ஒன்று.